அறிக்கையின் ஓரத்தில் இரண்டு கரண்டிச் சர்க்கரை

கையில் கிடைத்த நல்ல செய்தியைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பூசைக்குப் போய்வரும் வழியில் என் காது கேட்கவே அதைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். உயிரை வைத்துப் பிடிவாதம் பிடித்தவள், மருத்துவருக்கே பாடம் நடத்தப் போனவள், படித்த திமிர் என்று அந்தப் பெயருக்கு உரை சொன்னவர்களும் உண்டு. அவர்களை மறுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தால், அதே இடத்தில் மறுபடியும் நிற்க நேர்ந்தாலும் அதையேதான் செய்வேன் என்று சொல்லும் உரிமை எனக்குக் கிடைக்கும். அந்த உரிமைக்காக எழுதுகிறேன்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள தெருவில், பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டின் கீழ்த்தளத்தில் நான் இருக்கிறேன். மாடியில் என் தம்பியின் குடும்பம். நான் மணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். தம்பி சரக்குக் கப்பலில் தலைமைப் பொறியாளன். ஆண்டில் பாதிக்கு மேல் கடலில் இருப்பான். மீதி நாள்களில் வீட்டில் இருந்துகொண்டு எங்கள் எல்லாரையும் பழுதுபார்ப்பான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு முற்பகலில் என் நெஞ்சில் பாரம் ஏறியது. வாய்வு என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு, மாணவி ஒருத்தியின் ஆய்வேட்டில் ஒற்றுப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். மாலையில் மூச்சு முட்டத் தொடங்கிய பிறகே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். உயிர் தப்பியது. ஆனால் நான் ஒற்றுத் திருத்திய அந்த மணி நேரங்களில் இதயத்தின் முன்சுவர் பழுதாகிவிட்டது. இரத்தக் குழாய்களில் அடைப்பு மூன்று இடங்களில். மாத்திரைகளோடு அரை ஆண்டு கழிந்தும், கோயிலின் வாசற்படிகளை ஒரே மூச்சில் ஏற என்னால் இயலவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தம்பி விடுப்பில் வந்தான். பெட்டியில் ஒரு டப்பா வெள்ளைத் தூள் கொண்டுவந்தான். கப்பலில் அவனோடு வேலை செய்யும் நெஞ்சு நோயாளி ஒருவர் சொல்லி, ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கியது. ரைபோஸ் என்று பெயர். சர்க்கரையில் ஒரு வகை. நம் உடம்பே சிறிதளவு செய்துகொள்வது. தசையின் ஒவ்வோர் அணுவும் தான் எரிக்கும் எரிபொருளைத் தானே ஆக்கிக்கொள்கிறதாம். அதற்கு வேண்டிய மூலப்பொருள்களுள் ஒன்று இதுவாம். நொந்துபோன இதயத்தில் அந்த ஆக்கம் மெதுவாகிவிடுவதால் வெளியிலிருந்து ஊட்ட வேண்டுமாம். டப்பாவின் மேல் எழுதியிருந்த ஆங்கிலத்தை இப்படியெல்லாம் விளக்கிவிட்டுக் கடைசியில் அவன் தன் மொழிக்குத் திரும்பினான்.

“யக்கா, எஞ்சின் பழசாயிட்டு. எண்ணெயாவது நல்லதா ஊத்துவோம்.”

நான் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு நோயாளி. மக்ரூன் இனிப்புக் கடை வரும்போது தெருவின் மறுபக்கத்துக்கு மாறி நடப்பவள். அந்தத் தூளோ நாவில் மெல்லிதாக இனித்தது. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது, சற்றுக் குறைத்தாலும் குறைக்கும் என்றான் தம்பி. இனிப்பாக இருந்துகொண்டே எனக்கு விலக்கப்படாத ஒரு பொருள் இவ்வுலகில் இருக்கிறது என்பதை நம்ப எனக்கு ஒரு கரண்டி போதுமானதாக இருந்தது. இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டேன், நாள்தோறும். சில வாரங்களில் கோயிற்படிகள் சற்று இறங்கி வந்தாற்போல் இருந்தன. அது தூளின் பயனா, மாத்திரைகளின் பயனா, என் ஆசையின் பயனா என்று பிரித்துச் சொல்ல என்னால் அன்றும் இயலவில்லை, இன்றும் இயலவில்லை.

இங்கே கத்தோலிக்கர்களான எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தினமும் முதற்பூசைக்குப் போகிறவள். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் எதுவும் உண்ணலாகாது. தண்ணீரும் மருந்தும் மட்டும் அந்த நோன்பை முறிக்கமாட்டா. ஞானோபதேச வகுப்பில் ஏழு வயதில் மனப்பாடம் செய்த விதி அது. காலை ஐந்து மணிக்கு மாத்திரைகளைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுக் கிளம்புவது என் பழக்கம். தூள் வந்தபின் அதையும் அதே தம்ளர்த் தண்ணீரில் கரைத்துக்கொண்டேன். முதல் நாள் மட்டும் சற்றுத் தயங்கினேன். இனிக்கிறதே, இது உணவாகாதா? இதயத்துக்காக எடுத்துக்கொள்வது, ஆகவே மருந்து என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன். அதன் பிறகு அந்த வழக்கு என் மனத்தில் மறு விசாரணைக்கு வரவில்லை.

தூள் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும்போது இதய மருத்துவரிடம் போனோம். ஏரல் பக்கத்தில் கடைக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். வயதில் என் பழைய மாணவர்களை ஒத்தவர். என்னை டீச்சர் என்றுதான் அழைப்பார். ஆனாலும் அன்று என் நெஞ்சைப் பற்றிய செய்தியை என் தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அக்காவுடைய இதயத்தில் முன்சுவர் அசையவில்லை, அது செத்துவிட்டதா தூங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

“எங்கிட்டச் சொல்லுங்க டாக்டர். நெஞ்சு என்னோடது,” என்றேன். “தூங்குதுன்னா அது உவமை. உவமை இல்லாமச் சொல்லுங்க.”

அவர் சிரித்துவிட்டு ஒரு தாளை இழுத்துப் படம் வரைந்தார். இரத்தம் போதாத தசை, உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேலையை நிறுத்திவிடும். சுருங்காது, விரியாது, ஆனால் இருக்கும். இறந்த தசை தழும்பாகிவிடும். எக்கோ திரையில் இரண்டும் ஒன்றுபோலவே அசையாமல் கிடக்கும். இரண்டையும் பிரித்தறிய, டோபுட்டமின் என்ற மருந்தைச் சிறிது சிறிதாக நரம்பில் செலுத்துவார்கள். அது இதயத்தை முடுக்கும். உயிருள்ள தசையானால் அந்த முடுக்கலுக்குச் சற்றேனும் சுருங்கும்; தழும்பானால் சும்மா கிடக்கும். சுருங்கினால் மதுரையில் பைபாஸ் அறுவை செய்து இரத்தம் ஊட்டலாம், சுவர் மீளக்கூடும். சுருங்காவிட்டால் மார்பைத் திறப்பதில் ஆபத்து மட்டும் இருக்கும், ஆதாயம் இராது.

ஆக, நான் இனி எத்தனை காலம், எப்படி வாழ்வேன் என்பது ஒரு சுவர் அசைகிறதா என்பதில் இருந்தது.

சோதனைக்கு முன் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு நாள் முன்பே நிறுத்துக, வெறும் வயிற்றில் வருக என்று அதில் இருந்தது. மாத்திரையை நிறுத்தினேன். வெறும் வயிறு என்பதற்கு எனக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். அன்றும் காலை ஐந்து மணிக்கு நீரிழிவு மாத்திரையை விழுங்கி, இரண்டு கரண்டித் தூளைக் கரைத்துக் குடித்து, பூசை கண்டு, வேறு எதையும் வாயில் வைக்காமல் மருத்துவமனைக்குப் போனேன். பத்து மணிக்குச் செவிலி வந்து என் மாத்திரைப் பட்டியலைப் படித்துச் சரிபார்த்தாள். வேறு மாத்திரை, மருந்து ஏதும் எடுப்பதுண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அதுவே இதில் எனக்குப் பெரிய வெட்கம். வெள்ளை விரிப்பில் படுத்துக்கொண்டு கேட்கையில் மருந்து என்ற சொல்லுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தது என்பதே பொருளாகத் தோன்றியது. தூள் என் நினைவில் சத்துமாவின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. ஐந்து மணிக்கு மருந்தாக இருந்து நோன்பை முறிக்காமல் உள்ளே போனது, பத்து மணிக்கு உணவாகிப் பட்டியலில் ஏறாமல் தப்பியது. வாழ்நாள் முழுதும் பிறர் எழுத்தில் பிழை பார்த்தவள் தன் வயிற்றில் இருந்த பிழையைப் பார்க்கவில்லை. இதை வேறு யார் தலையிலும் நான் சுமத்தப் போவதில்லை.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மார்பில் பசை தடவி, கருவியை விலா எலும்புகளுக்கிடையே அழுத்திப் பிடித்துக்கொண்டார் மருத்துவர். மருந்து இறங்கத் தொடங்கியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. அளவு கூடக்கூட, படுத்திருக்கும் என்னை யாரோ ஓட வைப்பதுபோல் இதயம் விரைந்தது. கால்கள் அசையவில்லை, மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திரையை என்னால் பார்க்க முடியவில்லை. மருத்துவரின் முகத்தைப் பார்த்தேன். அது மெல்ல மலர்ந்தது.

“அசையுது டீச்சர். நுனி வரைக்கும் அசையுது.”

மருந்தை நிறுத்தினார்கள். அதன் வேகம் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனார். தம்பி உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. நான் காணாததுபோல் இருந்தேன். சுவர்க்கடிகாரத்தில் பத்து நிமிடம் போயிற்று, இருபது போயிற்று. துடிப்பு இறங்கியிருந்தது, ஆனால் வியர்வை நிற்கவில்லை. விரல்கள் நடுங்கின. தம்பி என்னவோ பேசிக்கொண்டிருந்தான்; சொற்கள் தனித்தனியாக வந்தன, வாக்கியமாகச் சேரவில்லை. செவிலி என் முகத்தைப் பார்த்துவிட்டு விரல்நுனியில் குத்தி ஒரு துளி எடுத்தாள். சர்க்கரை மிகக் கீழே போயிருந்தது. அவசரமாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

பார்வை தெளிந்ததும் அவள் என் அருகில் குனிந்து கேட்டாள்.

“அம்மா, காலையில என்னென்ன எடுத்தீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”

அவளுக்குப் பின்னால் நின்ற தம்பி தலையை இடமும் வலமுமாக மெல்ல அசைத்தான். அந்த அசைவைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூள் நினைவுக்கு வந்தது. அவன் தடுத்திராவிட்டால் ஒருவேளை நினைவு வராமலே போயிருக்கும். சொன்னேன், ஐந்து மணித் தம்ளரில் இருந்த எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவள் வெளியே போனாள்.

தம்பி கதவைச் சாத்தினான்.

“ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அசையுதுன்னு எழுதிட்டாரு. மதுரைக்கு லெட்டர் ரெடியா இருக்கு. இப்பப் போயி தூளு கீளுங்கியே.”

“சர்க்கரை எறங்கிட்டுல்லா? அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

“வெறும் வயித்துல மாத்திரயப் போட்டேன், அதான் எறங்கிட்டுன்னு சொல்லு. அதுவும் உண்மதானே.”

“பாதி உண்மை.”

“பாதி போதும் யக்கா.”

“அந்தச் சுவர் தானா அசைஞ்சுதா, தூளு அசைச்சுதா?”

“எது அசைச்சா என்ன? அசைஞ்சுதுல்லா?”

அவன் வாதம் வலிமையற்றதன்று. இன்றும் தெருவில் என்மேல் வீசப்படுவது அந்த ஒரே கேள்விதான். அறுவை நடந்தால் பிழைப்பேன். அறுவை நடக்க அந்தத் தாள் வேண்டும். தாள் கையில் இருக்கிறது. இதில் வாய் திறக்க வேண்டிய கட்டாயம் யாருக்கு? ஆனால் அந்தத் தாளை நம்பி மதுரையில் ஒருவர் என் மார்பெலும்பைப் பிளப்பார். உள்ளே இருப்பது தாளில் இருப்பதைவிடக் குறைவாக இருந்தால், அதை அவர் திறந்த பிறகு தெரிந்துகொள்வார். திறந்து கிடக்கப்போகிறவள் நான். என் நெஞ்சைப் பற்றி நானே பாதி உண்மை சொல்லிவிட்டு, இன்னொருவர் கைக்கு அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

மருத்துவர் திரும்பி வந்தபோது முகத்தில் மலர்ச்சி இல்லை. வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். நீரிழிவு மாத்திரையைக் காலையில் எடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையா என்று செவிலியைக் கேட்டார். சீட்டில் அது இல்லை என்று அவள் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தார். என்ன தூள் என்றார். தம்பி தன் கைப்பேசியில் டப்பாவின் படத்தை வேண்டாவெறுப்பாகக் காட்டினான். மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தம் கைப்பேசியில் நெடுநேரம் எதையோ படித்தார்.

படித்தபின் அவர் சொன்னவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். இந்தச் சர்க்கரையை எடுத்துக்கொண்ட சில நோயாளிகளிடம், நொந்த இதயத்தசை டோபுட்டமினின் முடுக்கலுக்குக் கூடுதலாக மறுமொழி தந்திருக்கிறது என்று பார்த்திருக்கிறார்களாம். ஆனால் பார்த்தது மிகச் சிலரிடம். அதை வைத்து உறுதியாக ஒன்றும் சொல்லிவிட இயலாது. இறந்த தசை எந்தச் சர்க்கரைக்கும் எழுந்து வராது. ஆகையால் நன்றாக அசைந்த பகுதி உயிருள்ளது என்பதில் அவருக்கு ஐயமில்லை. நுனியில் பார்த்த அசைவு சிறியது. தூள் இல்லாமலும் அது அசைந்திருக்குமா என்பது அவருக்குத் தெரியாது. சர்க்கரை கீழே போனதற்கு வெறும் வயிற்று மாத்திரை காரணமா, தூள் காரணமா, இரண்டும் கைகோத்தனவா என்பதும் தெரியாது.

தெரியாது என்று அவர் இரண்டு முறை சொன்னார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை பிறந்தது அப்போதுதான்.

“அப்ப அதையும் எழுதுங்க டாக்டர்.”

“ரிப்போர்ட்டுல அதுக்குக் கட்டம் கிடையாது டீச்சர்.”

“ஓரத்துல எடம் இருக்கு.”

அவர் தாளைப் பார்த்தார். உண்மையில் ஓரத்தில் இரண்டு விரற்கடை இடம் இருந்தது. பேனாவை எடுத்து, ரைபோஸ் இரண்டு கரண்டி, சோதனைக்கு ஐந்து மணி நேரம் முன்பு, இரண்டு மாதமாக என்று ஆங்கிலத்தில் குறுக்குவாட்டில் எழுதிக் கையொப்பமிட்டார். மூன்று வாரம் தூளை நிறுத்திவிட்டு மறுபடியும் சோதனை செய்யலாம் என்றார். முடிவு இதேபோல் நன்றாக வரும் என்று தாம் உறுதி தரமுடியாது, குறைந்து வந்தால் மதுரையில் அறுவை மருத்துவர் யோசிப்பார் என்றும் எச்சரித்தார்.

“யோசிக்கட்டும்,” என்றேன். “யோசிக்கத்தானே அவரு இருக்காரு.”

தம்பி அன்று வீட்டுக்கு வந்ததும் நேரே மாடிக்குப் போய்விட்டான். அவன் மனைவி பேசினாள். அவள் ஒருபோதும் குரலை உயர்த்தமாட்டாள், தேவைப்படாது. மாடிப்படியில் நின்றபடி, துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள்.

“மைனி, கடவுள் கதவத் தொறந்து விட்டாரு. நீங்க உள்ள போகாம, தாழ்ப்பாள் ஒழுங்கா இருக்கான்னு பாத்துக்கிட்டு நிக்கீங்க.”

நன்றாகச் சொன்னாள்; நானே சொல்லியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். மறுநாளைக்குள் அது தெருமுழுதும் போய்விட்டது. கோயில் வாசலில் இருவர் எனக்காகச் செபிப்பதாகச் சொன்னார்கள். எதற்காக என்று நான் கேட்கவில்லை.

அந்த மூன்று வாரமும் நான் அஞ்சவில்லை என்று எழுதினால் அது பொய். தூளை நிறுத்திய நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கடற்கரைச் சாலையில் வழக்கமாக நடக்கும் தொலைவை என்னால் நடக்க முடியவில்லை. ஐஸ் ஆலை வாசலில் நின்றுவிட்டேன். பெட்டி பெட்டியாக மீன் ஏற்றிக்கொண்டிருந்த ஆள்கள் வழிவிடச் சொல்லிக் கத்தினார்கள். நகரவும் மூச்சு இல்லை. தூள் இல்லாததால்தான் இப்படியா, தூள் இல்லை என்ற எண்ணத்தாலா? சுவர் மெய்யாகவே செத்துக் கிடக்கிறதா? நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் மதுரையில் இருந்திருப்பேனே என்று அங்கே நின்றபோது நானும் நினைத்தேன். அந்த நினைப்பை இங்கே மறைக்கமாட்டேன். சிறிது தூரத்தில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு தம்பி நின்றான். என் பின்னாலேயே வந்திருக்கிறான். அருகில் வந்து, மீன் விலை கேட்கலாம் என்று இந்தப் பக்கம் வந்தேன் என்றான். ஏறிக்கொண்டேன். வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது சொன்னான்.

“ஒரு கரண்டி போட்டுக்கோ யக்கா. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்லே.”

“ஒனக்குத் தெரிஞ்சாப் போதும்னு எல்லாரும் இருந்தா ஊரு எப்படி ஓடும்?”

டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்து மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

இரண்டாம் சோதனைக்குப் போன நாளில் நீரிழிவு மாத்திரை வேண்டாம் என்று மருத்துவரே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். தூள் இல்லை. ஐந்து மணிக்குத் தம்ளரில் வெறும் தண்ணீர். மருந்து ஏற்றும் முன்பும் பின்பும் செவிலி சர்க்கரை பார்த்தாள். இரண்டு முறையும் சரியாக இருந்தது. அதே கட்டில், அதே பசை, அதே ஓட்டம். ஆனால் மருத்துவரின் முகம் இம்முறை எளிதில் மலரவில்லை. கருவியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மருந்து நின்றது. இம்முறை பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. வியர்வையும் நடுக்கமும் வரவில்லை. அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

முன்சுவரின் பெரும்பகுதி அசைந்தது. முதல் முறையைவிடத் தாமதமாக, சற்று மெதுவாக. நுனி அசையவில்லை.

“அன்னைக்கு அந்த நுனி அசைஞ்சது தூளாலயா, என் கண்ணாலயான்னு எனக்குச் சொல்லத் தெரியல டீச்சர்,” என்றார் அவர். “ஆனா இன்னைக்கு அசையல.”

தம்பி சுவரில் சாய்ந்து நின்றான்.

“கேட்டியா? முழுசா இருந்ததக் கொறச்சுட்ட.”

“ஏலே, ரெண்டு நாளும் நெஞ்சு ஒண்ணுதான். கொறஞ்சது தாளு.”

மருத்துவர் எங்களைக் கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டிருந்தார். அறுவையால் கிடைக்கும் ஆதாயம் முன்பு எண்ணியதைவிடக் குறைவு, ஆபத்து அதே அளவு, இருந்தாலும் போய்ப் பார்ப்பதுதான் நல்லது என்றார். இம்முறை என்னைப் பார்த்தே சொன்னார்.

மதுரைக்கு இரண்டு அறிக்கைகளையும் கொண்டுபோனேன். ஓரத்தில் தூள் ஏறிய முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் காட்டலாமே, இரண்டைக் காட்டிக் குழப்புவானேன் என்று தம்பி பேருந்தில் கேட்டான். அவன் அப்போதும் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். அறுவை மருத்துவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஓரக்குறிப்பைப் படிக்கத் தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். நுனி மீளும் என்று எதிர்பார்க்க வேண்டாம், மற்றப் பகுதிக்காகச் செய்யலாம், செய்யாமலும் மருந்தோடு காலம் தள்ளலாம், முடிவு உங்களுடையது என்றார். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறீர்களா என்று கேட்டார். வீடு இங்கேதான் நிற்கிறது என்று தம்பியைக் காட்டினேன். செய்யுங்கள் என்றேன். படிவத்தில் உறவினர் கையொப்பத்துக்கான இடத்தை அவனிடம் நீட்டியபோது, முதலில் நான் இட்டுவிட்டுப் பேனாவை அவனிடம் கொடுத்தேன்.

தெருவில் யாருக்கும் தெரியாத ஒன்றை இங்கே எழுத வேண்டும். அறுவைக்கு முந்தைய நாள் மயக்க மருத்துவர் என் கட்டிலுக்கு வந்தார். கோப்பைப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஓரக்குறிப்பில் நின்றுவிட்டார். தூளை நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று, அதன் பிறகு சர்க்கரை எப்படி இருக்கிறது, ஊரிலிருந்து கையோடு ஏதும் கொண்டுவந்தீர்களா என்று துருவித் துருவிக் கேட்டார். ஏன் இவ்வளவு கேள்வி என்றேன். குழாய்களை ஒட்டிய பின் இதயம் தானாகச் சுறுசுறுப்பாக இயங்கத் தொடங்காவிட்டால் தாம் அதே டோபுட்டமினைத்தான் ஏற்ற நேரும் என்றார். அப்போது எதை முடுக்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். மயக்கத்தில் கிடப்பவர் எனக்குச் சர்க்கரை இறங்குகிறது என்று சொல்லமாட்டார். இதை எழுதச் சொன்னது யார் என்று கேட்டார். தம்பி என்னைக் காட்டினான். பெருமையாகக் காட்டினானா, குற்றவாளியைக் காட்டுவதுபோல் காட்டினானா என்பது எனக்கு விளங்கவில்லை.

அறுவை நடந்தது. அந்த டோபுட்டமின் இரண்டு நாள் எனக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மார்பில் நீளமாக ஒரு தழும்பு இருக்கிறது. உள்ளே நுனியிலும் ஒரு தழும்பு இருக்கிறது, அது அசைவதில்லை. கோயிற்படிகளை நடுவில் ஒருமுறை நின்று ஏறுகிறேன். ஓடியாடித் திரிகிறேன் என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை.

எப்படியும் அறுவை நடந்ததுதானே, அப்புறம் சொல்லி என்ன ஆயிற்று என்று தெருவில் கேட்கிறார்கள். முதல் தாளோடே போயிருந்தாலும் பிழைத்திருப்பாய் என்கிறார்கள். இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. யாராலும் மெய்ப்பிக்கவும் முடியாது. நான் சொன்னதால்தான் பிழைத்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். அப்படிச் சொன்னால் அதுவும் பாதி உண்மை. பிழைப்பேனா என்று தெரியாதபோது சொன்னேன். பயன் வந்ததால் அது சரியாகிவிடவில்லை. பயன் வராமல் போயிருந்தாலும் தவறாகியிராது.

சென்ற மாதம் தம்பி விடுப்பில் வந்தான். பெட்டியைத் திறந்தபோது துணிகளுக்கு அடியில் இரண்டு புதிய டப்பாக்கள் இருந்தன. கொடுப்பதா வேண்டாமா என்று அவற்றை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். நான் வாங்கிக்கொண்டு நேரே என் இதய மருத்துவரான ஏரல்காரரிடம் போனேன். இது உங்களுக்கு நன்மை செய்யும் என்று சொல்ல என்னிடம் சான்றில்லை, இதைத் தொடவே கூடாது என்று சொல்லவும் சான்றில்லை என்றார். எடுப்பதானால் உணவோடு, ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம், சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும், எந்தச் சோதனைக்கு முன்பும் சொல்லிவிட வேண்டும் என்றார். அவர் முன்னிலையிலேயே கோப்பை வாங்கி, மருந்துப் பட்டியலின் கடைசி வரியாக அதை என் கையால் எழுதினேன். தமிழில் எழுதினேன். அவர் கீழே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் பூசை முடிந்து வந்து இட்டிலியோடு உட்கார்ந்தபோது தம்பி எதிரே வந்து அமர்ந்தான்.

“அன்னைக்கு இது வெசங்கிற மாதிரி ஊரக் கூட்டுன. இன்னைக்கு நீயே கலக்குத.”

“வெசம்னு நான் எங்கலே சொன்னேன்? மறைக்காதன்னுதான் சொன்னேன்.”

“அப்ப என் தூளு நல்ல தூளுதானே?”

“தெரியாது.”

அவன் எழுந்து, எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் காதில் விழும்படி, இவளோடு மாரடிக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே மாடிக்குப் போனான். நான் கரண்டியை வழித்துத் தட்டி, மட்டமாக ஒன்று எடுத்து, தம்ளரில் கலக்கிக் குடித்தேன். இனிப்பாக இருந்தது.